விசை உழுவையை ஆளும் முறை



எங்கள் அன்னவாசல் வட்டாரம் செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. சித்தன்னவாசல் குன்றைக் காண வந்தவர்கள் வழியெங்கும் கற்பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்நிலத்தை மரக்கலப்பையால் உழுத காலத்தில், கொழுமுனை கல்லில் தட்டியதும் உழவன் வாய் திறக்கும் முன்பே காளை நின்றுவிடும். இன்று தோட்டங்களில் காளையின் இடத்தைப் பெட்ரோலில் ஓடும் சிறிய விசை உழுவை பெற்று வருகிறது. பவர் டில்லர் என்றும் பவர் வீடர் என்றும் மக்கள் இதனை வழங்குவர். இதற்கு ஆற்றல் மிகுதி. தானே நிற்கும் அறிவோ இல்லை. அவ்வறிவை இயக்குவோனே அளித்தல் வேண்டும்.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் இம்முறையை உருவாக்கியவருள் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட். கில்காண்ட்ரா என்னும் ஊரில், தம் தந்தையின் பண்ணையில் 1912-ஆம் ஆண்டு சோதனையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை. 1920-இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

இக்கத்திகளின் வேகத்தைச் சிறு கணக்கால் அறியலாம். தண்டு நிமிடத்திற்கு 120 முறை சுழல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 2 சுற்று ஆகிறது. ஆபத்தைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசையக் கால் நொடியாவது செல்லும். அதற்குள் தண்டு அரைச் சுற்று சுற்றிவிடும். சுற்றிலும் நான்கு கத்திகள் இருப்பின், இரண்டு கத்திகள் அவ்விடத்தைக் கடந்திருக்கும். ஆகவே, ஆபத்து வந்தபின் விலகிக்கொள்ளலாம் என்று எண்ணுவது பேதைமை.

இதனை உணர்ந்தே, இச்சிறு கருவிகள் பலவற்றில் கைப்பிடியோடு ஒரு நெம்புகோல் அமைத்துள்ளனர். அதனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கத்தி சுழலும். கையை விட்டால் நிற்கும். காளையிடம் இருந்த நிற்கும் அறிவு இந்நெம்புகோலில்தான் குடியிருக்கிறது.

என்னிடம் பயின்ற ஒருவர், கை வலிக்கிறதென்று அந்நெம்புகோலைச் சணற்கயிற்றால் கட்டிவிட்டார். ஒரு நாள் மாலை அவ்வழியே சென்ற நான் அக்கயிற்றைக் கண்டேன். அதன் பொருள் அறியாமல் நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மரத்தடியில் பின்கியர் போட்டுத் திருப்புகையில் வேர் தடுக்கி விழுந்தார். கை விட்டது, கயிறு விடவில்லை. வலக்காலில் மூன்று விரல்களை இழந்தார். நாற்பதாண்டுகள் பாடம் சொன்ன நான், சொல்ல வேண்டிய அன்று சொல்லாதிருந்தேன். அக்குறையை இன்று தீர்க்க முயல்கிறேன்.

இனி இயக்கும் முறையைக் காண்போம். கருவியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துக. அடைத்த கொட்டகையில் இயக்கினால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்ந்து உயிரைக் கவரும். எஞ்சின் எண்ணெயின் அளவைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பெட்ரோல் ஊற்றுங்கள். அருகில் பீடியோ அடுப்போ ஆகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். சிந்தியதைத் துடைத்து, அது உலர்ந்தபின்னரே இயக்குக.

கியர் நடுநிலையில் இருக்க வேண்டும், நெம்புகோலைத் தொடலாகாது. எரிபொருள் குழாயைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை மூடுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, இறுக்கம் தெரிந்ததும் விரைந்து இழுங்கள். திரும்புகையில் வெடுக்கென விட்டுவிடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் சூடேற விடுங்கள்.

உழுமுன் கல், கம்பி, கயிறு முதலியவற்றைப் பொறுக்கி அகற்றுக. பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் ஈரமே ஏற்ற பதம். முதல் சாலை மேலாக ஓட்டி, அடுத்த சாலில் ஆழப்படுத்துங்கள். தொங்கும் வேட்டியும் துண்டும் முந்தானையும் கத்தியில் சிக்கும். இறுகிய உடையும் கனத்த காலணியும் வேண்டும். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். பின்கியர் போடுமுன் கத்தியின் ஓட்டத்தை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பாருங்கள். கத்தியில் களை சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ அயலார் வயலிலோ இக்கருவியைக் கண்டால், முதலில் நெம்புகோலைப் பாருங்கள். அதில் கயிறு கட்டியிருந்தால், பெரியவர்களாயினும் பணிவோடு எடுத்துச் சொல்லி அவிழ்க்கச் செய்யுங்கள். நான் ஒரு மாலைப்பொழுதில் செய்யத் தவறியதை நீங்கள் செய்தால் அதுவே போதும்.