அருவிக் குளியலும் ஒரு மருந்துதான்!

"குற்றாலத்துக்குப் போனா வியாதி தீரும்னுதானே சொல்வாங்க சார்? இவங்களுக்கு வியாதியே அங்கதான் வந்துச்சு!"

சென்ற சீஸனில் என் முன்னால் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் கணவர், தலையைக் குனிந்தபடி. வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். பல வருஷத்துக்குப் பிறகு இருவர் மட்டும் ஒருநாள் பயணம் கிளம்பியிருக்கிறார்கள்.

'லீவு நாள்லயுமா மாத்திரை?' என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டார் மனிதர். மதியம் பரோட்டா, கோழி வறுவல் என்று ஒரு பிடி. கை கழுவிய ஈரம் காயும்முன் ஐந்தருவிக்குள் புகுந்துவிட்டார். பத்தே நிமிஷம். கண்ணைக் கட்டிக்கொண்டு வர, பாறை ஓரமாகச் சரிந்துவிட்டார். யாரோ புண்ணியவான்கள் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். மனைவிக்கு இது எதுவுமே தெரியாது. அவர் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 190/110.

குற்றம் அருவியினுடையது அல்ல. அருவிக் குளியல் நல்ல மருந்துதான். ஆனால் மருந்து என்றால் அளவு, வேளை, பத்தியம் மூன்றும் உண்டே! அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

குளிர்ந்த நீர் திடீரென்று தலையில் கொட்டும்போது தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் உள்ளே தள்ளப்படுகிறது. இருதயம் வேகமாக வேலை செய்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. திடமான உடம்புக்கு இது ஒரு சுகம். வெளியே வந்ததும் உடம்பு கதகதப்பாகி, பசி எடுக்கிறது பாருங்கள், அது இதனால்தான். ஏற்கெனவே கொதிப்போ இருதய நோயோ உள்ளவருக்கு இதே வேலை பாரமாகிவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஜீரணத்துக்கும் ரத்தம் வேண்டுமே! தலை கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

எங்கள் சித்த மருத்துவக் கணக்கில், குளிர்ந்த நீர் பித்தத்தைத் தணிக்கும், கபத்தைக் கூட்டும். கண் எரிச்சல், உடம்புச் சூடு உள்ளவர்களுக்கு அருவி இதமாக இருப்பதும், ஆஸ்துமா, சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் அன்று இரவே மூச்சுக்குத் திணறுவதும் இதனால்தான்.

அளவும் வேளையும்

காலையில் இரண்டு இட்லி போன்ற லேசான ஆகாரம். ஒரு மணி நேரம் கழித்துக் குளியல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் இரண்டு, மூன்று மணி நேரமாவது போகட்டும்.

எடுத்தவுடன் தலையைக் கொடுக்காதீர்கள். முதலில் கால், பிறகு கை, தோள், கடைசியில் தலை. பேரருவியில் மலையிலிருந்து இறங்கும் நீர் நடுவிலுள்ள பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்துதான் நம்மேல் கொட்டுகிறது. அப்படியும் அந்த அடி சாதாரணமல்ல! உச்சந்தலையிலும் பிடரியிலும் நேராக வாங்காமல், தோளிலும் முதுகிலும் வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நிமிஷம் போதும். உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு நடுங்கினாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

'எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?' என்று கேட்பீர்கள். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது. அது நியாயமும்கூட, அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி, தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. எண்ணெய் முழுக்கை வேறொரு நாள் வீட்டில் வெந்நீரில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் ஒதுங்கி நிற்பது?

இருதய நோய், கட்டுப்படாத கொதிப்பு, பக்கவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், காது ஜவ்வில் ஓட்டை உள்ளவர்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் சாரலில் நின்று ரசிப்பதே நல்லது. கர்ப்பிணிகளும் அப்படியே. நாள் தள்ளிப்போயிருக்கிறதா? சந்தேகம் தீரும்வரை நீங்களும் அருவிக்கடியில் நிற்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாகக் குளிக்கக்கூடாது. பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். காலில் மரத்துப்போன உணர்ச்சி உள்ளவர்களுக்குப் பாறை கிழித்தாலும் தெரியாது. குளித்தபின் பாதத்தைப் பார்த்துவிடுங்கள்.

குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றுங்கள். ஈர உடையோடு ஊர் சுற்றினால் தொடை இடுக்கில் படை வரும். சூடாக ஒரு சுக்குமல்லிக் காப்பி, மதியம் மிளகு ரசம் சாதம். இதுதான் பத்தியம்.

சீஸன் கடைகளில் துரியன் பழத்தைக் குழந்தை வரத்துக்கென்றே அதிக விலை கொடுத்து வாங்கும் தம்பதிகள் உண்டு. சத்தான பழம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தின்றால் குழந்தை பிறக்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. குழந்தைக்காக ஏங்குகிறவர்கள் கணவன், மனைவி இருவருமே மருத்துவரைப் பாருங்கள்.

ஆற்றில் இறங்கும்போது...

குற்றாலம் போகிறவர்கள் பாபநாசத்தையும் சேர்த்துப் பார்த்து வருவது வழக்கம். படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுவது தனி ஆனந்தம். ஆனால் படியில் பாசி வழுக்கும். பரிகாரம் என்று ஆற்றில் விட்ட பழைய துணிகள் காலைச் சுற்றும். தெளிந்த தண்ணீரில் ஆழம் தெரியாது. 'கசம்' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பள்ளங்கள் உண்டு. அவர்களைக் கேட்டு, முழங்கால் அளவோடு நில்லுங்கள்.

அருவியில் இன்னொரு ஆபத்து, திடீர் வெள்ளம். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றுவிட்டது. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே வெளியேறுங்கள். செருப்பு, துணியைத் தேடாதீர்கள். போலீஸார் தடுத்தால், 'இவ்வளவு தூரம் வந்தோமே' என்று வாதாட வேண்டாம்.

தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை

அருவிக்கரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒருவருக்கு மயக்கம் வந்தால் மற்றவருக்குத் தெரியாது. அதனால் உள்ளே போகும்முன், 'இத்தனை மணிக்கு, இந்த இடத்தில்' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதிய சீட்டு இருவரின் பையிலும் இருக்கட்டும். ஊருக்குப் போகிறோம் என்று எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், ஆங்கில மருந்தானாலும் சரி!

அந்தத் தம்பதி இந்த சீஸனில் மறுபடியும் போய்வந்தார்கள். காலையில் மாத்திரை, இட்லி, அப்புறம் அருவி.

"எட்டே நிமிஷம் சார். சொன்ன இடத்துல எனக்கு முன்னாடி வந்து நின்னுட்டாங்க" என்றார் அந்த அம்மா. கணவர் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை!