குஞ்சுகளின் கால் விரிவும் பரிகாரமும்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரரும், மன்னார்த் தீவில் மரக்கறித் தோட்டஞ் செய்வோரும் வீட்டில் அடைவைக்கும் முட்டைகள் 21ஆம் நாளளவிற் பொரிக்கும். அவ்வாறு பொரித்த குஞ்சுகளுள் ஒன்றிரண்டு, கால்கள் இரு பக்கமும் அகன்று, எழமாட்டாமல் வயிற்றின்மேற் கிடப்பதுண்டு. நொண்டிக் குஞ்சென்று அதனை எறிந்துவிடுதல் வீண் நட்டமாகும். முதலிரண்டு நாட்களுட் கவனித்தால் அது பெரும்பாலும் நடக்கும். ஒரு வாரங் கடந்தால் எலும்பும் நரம்பும் அந்நிலையிலேயே இறுகிவிடும்.

வழுக்குந் தரையே இதற்கு முக்கிய காரணம். பெட்டியிற் புதினத்தாளை விரித்துக் குஞ்சுகளை விடுவோர் பலர். தாளிற் காலூன்றப் பிடிப்பில்லை. அதற்குப் பதிலாகச் சாக்குத் துண்டை விரித்தல் வேண்டும். உமி பரப்பினால் அதன்மேலுஞ் சாக்கை இடுக. இளங்குஞ்சு உமியைத் தீனியென்று கொத்தும்.

கால் விரிந்த குஞ்சிற்குக் கம்பளி நூலையோ, கால் அங்குல அகலமான மெல்லிய சீலைத்துண்டையோ எடுத்து, முட்டிக்குக் கீழே இரு கால்களையும் எட்டு என்னும் இலக்க வடிவிற் சேர்த்துக் கட்டுக. கால்களுக்கிடையே ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். இறுகக் கட்டினால் இரத்தவோட்டந் தடைப்பட்டுக் கால் வீங்கும். ஆகையால் நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டுக. மூன்று நான்கு நாட்கள் போதும். கட்டிய குஞ்சு தண்ணீரில் விழுந்தால் எழமாட்டாது. தட்டையான பாத்திரத்திற் கூழாங்கற்களை இட்டுத் தண்ணீர் வைக்க.

விரல்கள் உட்புறஞ் சுருண்டிருந்தால் காரணம் வேறு. அது பெரும்பாலும் உயிர்ச்சத்து பி2 குறைவினால் வருவது. முட்டையிட்ட பேட்டின் தீனியிலேயே அக்குறை தொடங்கியிருக்கலாம். பேட்டிற்கு முருங்கையிலை போன்ற பச்சையிலைகளை நறுக்கிக் கொடுக்க. குஞ்சிற்கு அச்சத்து மருந்தைத் தண்ணீரிற் கலந்து கொடுக்கும் அளவை மிருக வைத்தியரிடங் கேட்டறிக. கருவாடு மலிந்த இடமென்று உப்புக் கருவாட்டைக் குஞ்சிற்கு இடுதல் ஆகாது. உப்பு மிகுந்தாற் குஞ்சு மாளும்.

தீட்டிய அரிசிக் குறுணலை மட்டும் இட்டு வளர்ப்பதும் காலுக்குக் கேடாகும். 1890களில் யாவாத் தீவின் பத்தாவியாவில், எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிடு நீங்காத அரிசியை உண்டபின் தேறியதையுங் கண்டார். இதற்காக 1929இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே குறுணலோடு புதுத் தவிட்டையுஞ் சேர்த்திடுக. சிக்கு நாற்றமுள்ள தவிடு உதவாது.

பல குஞ்சுகள் ஒருங்கே நொண்டித் தலையும் நடுங்குமாயின் அது தொற்றுநோயாயிருக்கலாம். அவற்றைப் பிரித்து வைத்து உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்க.