கொழும்பிற் சில நாள்: தங்குவிடுதியோ, வாடகை வீடோ?

வழிப்போக்கனுக்கு இடங்கொடுத்தல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதொரு வழக்கமன்று. பண்டத்தரிப்பு, சில்லாலை, வடலியடைப்பு முதலிய ஊர்களின் பழைய வீடுகளுக்கு வாயிலிலே சங்கடப்படலை இருந்தது. கூரையிட்ட அந்த வாயிலின் இருமருங்கிலும் இருந்து இளைப்பாறத் திண்ணை உண்டு. தாகந் தீர்க்கத் தண்ணீர்ப் பானை உண்டு. இன்னாரென்று கேளாமலே எவரும் அங்கு அமரலாம். கீரிமலைக்குத் தீர்த்தமாடச் சென்றோர்க்கு மடங்கள் இருந்தன. பருத்தித்துறையிலே தெருவின் மேலேயே கூரை வேய்ந்தாற்போற் கட்டப்பட்ட தெருமூடிமடம் இன்றும் நிற்கின்றது. தங்குமிடத்துக்குக் காசு கொடுப்பது என்னும் எண்ணமே அக்காலத்து ஊராரின் உள்ளத்தில் எளிதிற் புகவில்லை.

கொழும்புக்குச் செல்வோரும் இவ்வழக்கத்தையே உடன்கொண்டு சென்றனர். 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துச் சென்று மிருகக்காட்சிச்சாலையும் நூதனசாலையும் காலிமுகத்திடலும் காட்டுவது பல குடும்பங்களுக்குக் கைகூடியது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த மாமனோ சித்தப்பாவோ வெள்ளவத்தையில் வீடு வைத்திருப்பார். மணமாகாத இளைஞராயின், நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற்காரன் ஒருவனையும் அமர்த்திக்கொண்டு நடத்திய 'சம்மரி' உண்டு. ஊரிலிருந்து வந்தவர் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். அவர் கொண்டுவந்த பனங்கிழங்கும் ஒடியல் மாவும் முருங்கைக்காயுமே வாடகை.

ஆயினும், 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று பெரியோர் சொல்லி வைத்ததை இரு தரப்பாரும் மறந்ததில்லை. இன்றோ அந்த மூன்று நாளுக்கும் இடமில்லாத நிலை வந்துவிட்டது. உறவினர் பலர் கடல்கடந்து போயினர்; எஞ்சியோர் இரண்டு அறைகொண்ட தொடர்மாடி வீட்டில் தாமே நெருங்கி வாழ்கின்றனர். ஆகவே பண்டத்தரிப்பிலிருந்து பாட்டியும் பெற்றோரும் மூன்று பிள்ளைகளுமாக ஆறு பேர் ஐந்து இரவுகள் கொழும்பிலே தங்கப் புறப்பட்டால், முதலில் எழும் வினா இதுதான்: தங்குவிடுதியில் அறை எடுப்பதா, அன்றித் தொடர்மாடியில் ஒரு வீட்டை நாள்வாடகைக்கு எடுப்பதா?

இவ்விரண்டும் எவ்வெவற்றை விற்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். தங்குவிடுதி விற்பது இடத்தை மாத்திரமன்று. பிறருடைய உழைப்பையும் அது சேர்த்தே விற்கின்றது. படுக்கையை விரிப்பவர், துவாயை மாற்றுபவர், காலையுணவைச் சமைப்பவர், நள்ளிரவிற் கதவைத் திறப்பவர் ஆகிய அனைவருடைய கூலியும் அறைவாடகையில் அடங்கும். வாடகை வீடோ இடத்தை மட்டும் விற்கின்றது. உழைப்பை வாடகைக்கு எடுத்தவரே கொண்டுவரல் வேண்டும். இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே மற்றெல்லா வேற்றுமைகளும் கிளைக்கின்றன.

முதலிற் காசுக் கணக்கு. ஆறு பேருக்கு விடுதியில் ஓர் அறை போதாது, இரண்டேனும் வேண்டும். ஐந்து இரவுக்குப் பத்து அறை வாடகை ஆகின்றது. அறிவித்த வாடகையே முடிந்த வாடகை என்று எண்ணுதலும் கூடாது. விடுதிகள் பலவற்றிற் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் சேரும். பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நூற்றுக்குப் பதினெட்டு ஆக்கப்பட்டது. இவை இரண்டும் வாடகைக்கு மேலே கூட்டப்படுமாயின், சொன்ன தொகையில் நாலிலொரு பங்குக்கு மேல் ஏறிவிடும். 'எல்லாம் உட்பட எவ்வளவு?' என்று கேட்டறிந்த பின்னரே இரு விலைகளையும் ஒப்புநோக்கல் தகும்.

வாடகை வீட்டுக்கும் இவ்வாறே மறைந்த செலவுகள் உண்டு. முற்பணம் எவ்வளவு, அது திரும்பி வருவது எப்போது, துப்புரவுக் கட்டணம் தனியா, குளிரூட்டிக்கு மின்மானி பார்த்துக் காசு வாங்குவார்களா, எரிவாயு உருளை நிறைந்திருக்குமா என்பவற்றைக் கேட்டல் வேண்டும். இவை அனைத்தையும் கூட்டிய பின்னரும், பெரிய குடும்பம் பல நாள் தங்குவதாயின் வாடகை வீடே பெரும்பாலும் மலிவாக முடியும். ஒருவரோ இருவரோ ஓரிரவு தங்குவதாயின் விடுதியே மலிவு. ஏனெனில் வீட்டின் துப்புரவுக் கட்டணமும், குறைந்தது இத்தனை நாள் என்னும் நிபந்தனையும் சிறிது தங்குவோரையே பெரிதும் தாக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. இதனை மறந்து வருந்துவோர் பலர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவிலே புறப்படும் பேருந்து வைகறையில் வெள்ளவத்தையை அடைந்துவிடும். விடுதிகளோ பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணிக்கே அறை கொடுக்கும். காலை ஐந்து மணிக்கு இறங்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்பது மணி நேரம் இருக்க இடமில்லை. விடுதியாயின் பெட்டிகளை வரவேற்பிடத்தில் ஒப்படைத்து, முகங்கழுவிக்கொண்டு வெளியே செல்லலாம். அறை ஒழிந்திருந்தால் முன்னரே கொடுப்பதும் உண்டு. வாடகை வீட்டிலோ திறப்பைக் கொண்டு வருபவர் வரும்வரை படிக்கட்டிலேயே காத்திருக்க நேரலாம். முதல்நாள் இரவு அங்கு வேறொருவர் இல்லையாயின் விடியற்காலையிலேயே திறந்து தருமாறு பேசி முடித்துக்கொள்ளலாம். எதுவாயினும் ஊரிலிருந்து புறப்படுமுன் செய்து முடிக்க வேண்டிய பேச்சு இது.

இனி, எல்லாவற்றினும் முதன்மையான கணக்குக்கு வருதல் வேண்டும். அது குசினிக் கணக்கு.

ஆறு பேர், நாளொன்றுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். 90 தட்டு உணவு. வாடகை வீட்டில் அடுப்பு உண்டு, குளிர்ப்பெட்டி உண்டு, பாத்திரமும் உண்டு. 'சமைத்துச் சாப்பிட்டால் எவ்வளவோ மிச்சம்' என்று வீட்டுத் தலைவர் மகிழ்கின்றார். மிச்சம் உண்மைதான். ஆனால் அந்த 90 தட்டையும் நிரப்புபவர் யார்? பின்பு கழுவுபவர் யார்? பண்டத்தரிப்பில் ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் அதே தாயார், விடுமுறையிலும் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகின்றார். வேற்றுமை ஒன்றே: ஊரிலே குசினியின் ஒவ்வொரு மூலையும் அவர் கையறிந்தது, இங்கே உப்பு எங்கே, கத்தி எங்கே என்று தேடல் வேண்டும். புட்டு அவிக்க நீற்றுப்பெட்டி இராது. தேங்காய் துருவத் திருவலை இராது. சட்டி சிறிதாக இருக்கும். மற்றவர்கள் கடற்கரைக்குப் போய்வர, அவர் இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பியபின் 'கொழும்பிலே என்ன பார்த்தீர்கள்?' என்று அயலார் கேட்டால், அவர் விடை சொல்வது அரிது.

ஆதலின், வாடகை வீட்டில் மிச்சமாயிற்று என்று சொல்லப்படும் காசு வானத்திலிருந்து விழுந்ததன்று. அது ஒருவருடைய ஓய்வை விற்றுப் பெற்ற காசு. அவர் சம்மதத்துடன் விற்கப்பட்டதாயின் குற்றமில்லை. கேளாமலே விற்கப்பட்டதாயின், அந்தக் குடும்பத்தில் ஐவர்க்கு விடுமுறையும் ஒருவர்க்கு இடமாற்றமுமே கிடைத்தன என்று சொல்லலாம்.

இதனாற் குசினியே வேண்டாம் என்பது கருத்தன்று. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சவும், குழந்தைக்குப் பால் காய்ச்சவும், விரதம் பிடிக்கும் பாட்டிக்குக் குளித்துத் தூய்மையாய்ச் சமைக்கவும் தனியடுப்பு பெரும் உதவி. புதிய நீரும் புதிய உணவும் ஒவ்வாத முதியோர்க்கு வீட்டுச் சோறே மருந்து. உறவினர் நாலு பேர் வந்தால் விடுதி அறையில் இருத்த நாற்காலி இல்லை. வீடாயின் கூடமுண்டு, தேநீர் கொடுத்து உபசரிக்கலாம். யாழ்ப்பாணத்தவர் கொழும்புக்குப் போவது ஊர் பார்க்க மட்டுமன்று, உறவு பார்க்கவுந்தான். அவ்வகையில் வாடகை வீடு பழைய சங்கடப்படலையின் குணத்தை ஓரளவு காக்கின்றது எனலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. வீட்டை வாடகைக்கு எடுத்து, குசினியைத் தேநீருக்கும் கஞ்சிக்கும் மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதி நெடுகச் சைவ உணவுச்சாலைகள் இருக்கின்றன. காலைத் தோசையை வாங்கிவருவது மூத்த மகனுடைய வேலை, தட்டுக் கழுவுவது தந்தையுடைய வேலை என்று புறப்படுமுன்னரே பகுத்துக்கொண்டால், காசும் ஓரளவு மிஞ்சும். தாயாரும் கடலைக் காண்பார்.

வீட்டை எடுப்போர் அந்த வீட்டின் தன்மையையும் அறிந்திருத்தல் நன்று. ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்க வழிசெய்தது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம். வீடு ஒருவருடையது, படிக்கட்டு, மின்தூக்கி, மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கி முதலியன எல்லார்க்கும் பொது. உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்க, அவர் சார்பில் இங்கே ஒருவர் திறப்பை வைத்திருப்பது வெள்ளவத்தையிற் சாதாரணம். நாள்வாடகைக்கு விடுவதை அக்கட்டடத்தின் நிருவாகம் விரும்பாமலும் இருக்கலாம். எனவே விடுபவருக்கு விட அதிகாரம் உண்டா, வாயிற்காவலரின் பதிவேட்டில் வருவோர் பெயர் எழுதப்படுமா, மின்தூக்கி இயங்குகின்றதா, மின்சாரம் நின்றால் மாற்று வழி உண்டா என்பவற்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஐந்தாம் மாடியில் வீடு எடுத்துவிட்டு மின்தூக்கி பழுதென்று கேட்பது முழங்கால் நோவுள்ள பாட்டிக்குச் சிறையிருப்பாகும். சிறு பிள்ளைகள் உளராயின் மாடிமுகப்பின் கம்பிக்கு எத்துணை உயரம் என்பதையும் கண்ணாற் கண்டு கொள்ளல் தகும்.

பற்றுச்சீட்டும் பெயர்ப்பதிவும் வெறுஞ் சடங்கென்று எண்ணுவோர் அண்மைக்கால வரலாற்றை நினைத்தல் வேண்டும். போர்க்காலத்திலே கடவுச்சீட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் தொழிலுக்காகவும் வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர் பலர் மலிவான விடுதிகளிலேயே தங்கினர். 'லொட்ஜ்' என்று வழங்கிய அவ்விடங்களில் 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் பொலிஸார் புகுந்து, 376 பேரை வெளியேற்றிப் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். தங்குவதற்குத் தக்க காரணம் காட்டாதோர் என்பதே அப்போது கூறப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கிலே மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்கால உத்தரவைப் பிறப்பித்தது. தன் நாட்டின் தலைநகரில் ஓரிரவு தலைசாய்ப்பதற்குக் காரணங் காட்ட வேண்டியிருந்த காலம் அது. அதனைக் கண்ட தலைமுறையினர் இன்றும் அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்து உறங்கினால் நகைப்பதற்கில்லை. விடுதியின் பதிவேட்டிலோ வீட்டு உடன்படிக்கையிலோ தம் பெயரை முறையாக எழுதுவித்துக்கொள்வது அவர்க்கு அச்சத்தின் அடையாளம் அன்று, உரிமையின் அடையாளம்.

முடிவாகச் சொல்லக்கூடியன சில. ஓரிரண்டு இரவே தங்குவோர், தனியே செல்வோர், ஒரு நேர்முகப் பரீட்சைக்கோ அலுவலக வேலைக்கோ செல்வோர் ஆகியோர்க்குத் தங்குவிடுதி ஏற்றது. பெட்டியை வைக்க இடமுண்டு, கேட்க ஆளுண்டு. நாலு நாளுக்கு மேல் தங்கும் பெருங்குடும்பத்தார், முதியோரையும் நோயாளரையும் உடன்கொண்டு செல்வோர், உறவினரை வரவேற்க விரும்புவோர் ஆகியோர்க்கு வாடகை வீடு ஏற்றது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வேலையைப் பகிர்ந்துகொள்ளும் மனம் அவர்களிடம் இருத்தல் வேண்டும்.

அந்த மனம் இல்லாத குடும்பம் சற்றே அதிகம் செலவானாலும் விடுதிக்கே செல்லட்டும். பண்டத்தரிப்பிலிருந்து புறப்படுமுன், பயணப் பெட்டி கட்டும் இரவிலே, வீட்டுத் தாயாரைப் பார்த்து 'உமக்கு எது ஓய்வாயிருக்கும்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் இத்தனை கணக்கும் வேண்டியதில்லை. அவர் சொல்லும் விடையே சரியான விடை.