உங்களுக்குத் தெரியுமா? சத்தம் போட்டால் சாவு!

2018-இல் வந்த ‘எ கொயட் பிளேஸ்’ ஹாலிவுட் படத்தில், சின்னச் சத்தம் கேட்டாலும் பாய்ந்து கொல்லும் ஜந்துகள் உலவும். அதற்கு நடுவே ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. காது கேளாத மகள் ரீகனுக்காக வீட்டில் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும். அதுவே அவர்களைக் காக்கிறது.

ரீகனாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸுக்கு நிஜத்திலும் காது கேளாது. காது கேளாத பெண்தான் வேண்டும் என்று இயக்குநர் ஜான் கிராசின்ஸ்கி பிடிவாதமாக இருந்தார். படப்பிடிப்பின்போது சிம்மண்ட்ஸுக்கு 14 வயது. அப்பா மகளிடம் கடைசியாகச் சைகையில், ‘எப்போதுமே உன்மேல் அன்புதான்’ என்கிறாரே, அதைச் சேர்க்கச் சொன்னவரே சிம்மண்ட்ஸ்தான்!

ரீகனின் பார்வைக்குக் காட்சி மாறும்போது ஒலி மங்கி, மெல்லிய இரைச்சலாகிவிடும். காதுக்கருவியை அவள் அணைத்தாலோ, தியேட்டரே நிசப்தம்.

சறுக்கிய இடமும் உண்டு. நிலவறையில் உதிரிபாகங்களை வைத்து அப்பாவே அந்தக் காதுக்கருவியை, அதாவது காக்ளியர் கருவியைச் சரிசெய்து மகளிடம் கொடுக்கிறார். நிஜத்தில் அதை ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணினியில் அமைத்துத் தரவேண்டும். அது ஜந்துகளை விரட்டும் ஆயுதமாவதெல்லாம் சுத்த சினிமா!

2021-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதையை முன்னின்று நகர்த்துபவள் ரீகன்தான்.