வளர்ந்தோர் வாயிற் பாற்பற்கள்

பாற்பல் வீழ்ந்ததும் அதனைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பது நம் சிறுவரின் வழக்கம். வீழவேண்டிய பல் வீழாமலே நின்றுவிட்டால் என்ன செய்வது? நாற்பது வயதைக் கடந்தும் ஒன்றிரண்டு பாற்பற்களோடு வாழ்வோர் உளர். அவருட் பலர் பல் வைத்தியர் எடுத்துக் கூறும்வரை அதனை அறிவதுமில்லை.

மனிதனுக்குப் பாற்பற்கள் 20. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கும் இவை, ஆறு வயதுமுதல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன. கீழே உருவாகும் நிலையான பல் மேலெழும்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைகிறது. பிடிப்பை இழந்த பல் ஆடி வீழ்கிறது. பிள்ளைகள் உதிர்த்த பல்லை எடுத்துப் பார்த்தால் அதில் வேர் இல்லாதிருப்பதைக் காணலாம்.

அவ்வாறாயின், சில பாற்பற்கள் நிலைத்துநிற்கக் காரணம் யாது? பெரும்பாலும் இரண்டிலொன்றாகவே இருக்கும்.

முதலாவது, அதன் இடத்துக்கு வரவேண்டிய பல் உருவாகவே இல்லை. ஞானப்பற்களை நீக்கிப் பார்த்தால், இவ்வாறு மிகுதியாக இல்லாதுபோவது கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லாகும். முன்வாயின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஐந்தாவதாக நிற்கவேண்டியது அதுவே. அது இல்லாதவிடத்துப் பாற்கடைவாய்ப் பல்லே தொடர்ந்து பணிபுரிகிறது. இக்குறை குடும்பவழி வருவதுமுண்டு. ஒரு குடும்பத்தினர் சிலருக்கு இத்தகைய பற்கள் முளையாமைக்குப் பரம்பரையலகு ஒன்றில் நேர்ந்த மாற்றமே காரணமென 1996இல் கண்டறியப்பட்டது. ஆகவே, தாய்க்கோ தந்தைக்கோ இக்குறை இருப்பின் பிள்ளைகளின் பற்களையும் கவனித்தல் நன்று.

இரண்டாவது, நிலையான பல் உருவாகியும் வழிதவறி எலும்பினுள்ளே மறைந்து கிடக்கிறது. மேற்றாடையின் வேட்டைப் பல் இவ்வாறு அண்ணத்தின் பக்கம் திரும்பிவிடுவதுண்டு.

இவ்விரண்டிற்கும் பரிகாரம் ஒன்றன்று. 1988இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர், பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடத்தே பாற்பல்லை அகற்றியபின் விளைவைக் கவனித்தனர். வழிதவறிய 46 வேட்டைப் பற்களுள் 36 நேர்வழிக்குத் திரும்பின. இங்கே பல்லை அகற்றுவது நன்மை. கீழே வேறு பல் இல்லாதவருக்கோ அதே செயல் பேரிழப்பாகலாம். பிடுங்கிய இடத்தில் எதுவும் முளையாது. அவ்விடத்து எலும்பு தேயும். பக்கத்துப் பற்கள் சாயவும் கூடும். செயற்கைப் பல் பொருத்துவதற்கோ செலவு மிகுதி. இருபது வயதுவரை நிலைத்த பாற்கடைவாய்ப் பல் பின்னரும் நெடுங்காலம் நிலைக்கக்கூடியதென்பதை 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கீழே பல் உண்டா, இல்லையா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. எக்ஸ் கதிர்ப் படமே அதனைத் தெளிவாக்கும். ஆதலின், “பாற்பல்தானே, பிடுங்கிவிடுவோம்” என விரைதல் தகாது. ஒரு பக்கத்துப் பாற்பல் வீழ்ந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல் வீழாவிடின், பிள்ளையைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பாற்பல்லோடு வாழும் வளர்ந்தோர்க்கும் ஒரு கடமை உண்டு. பாற்பல்லின் மிளிரி மெல்லியது. சொத்தை விரைவில் ஊடுருவும். அயலிலுள்ள பற்களைவிட அப்பல் தாழ்ந்துகொண்டே போனாலும் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். அதன் இடத்தை நிரப்ப இன்னொரு பல் வரப்போவதில்லையாதலால், மற்றைய பற்களைவிட அதனையே அதிக கவனத்துடன் பேணவேண்டும்.