மேப்பிள் இலைக்குப் பதிலாகப் பனங்கொட்டை: மாரி தொடங்கும்போது முன்பள்ளியில் என்ன செய்யலாம்?

ஒக்டோபர் மாதத்துக்கான முன்பள்ளிச் செயற்பாடுகளை இணையத்தில் தேடினால் மேப்பிள் இலையும் பூசணிக்காயும்தான் வந்து விழும். அவற்றை அச்செடுத்து நிறந்தீட்டக் கொடுக்கும் முன்பள்ளிகள் நம் பக்கத்திலும் உண்டு. பிள்ளை இலைக்குச் செம்மஞ்சள் தீட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே வேம்பு பச்சையாகவே நிற்கிறது. கனடாவில் இருக்கும் மச்சாளின் பிள்ளைக்கு அந்தத் தாள் பொருந்தும், ஏனென்றால் அந்த இலை அவள் வீட்டு வாசலிலேயே கிடக்கும்.

தோப்பூரில் அந்த மாதங்களில் நடப்பது வேறு. கச்சான் காற்று அடங்கி, வாடை எழும்பும். பனம்பழம் விழுந்து முடியும் காலம். பெரும்போகத்துக்கு வயல் உழுவார்கள், விதைநெல் ஊறப்போடுவார்கள். தோப்பூர், செல்வநகர், பள்ளிக்குடியிருப்பு, கிளிவெட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பேச்சு மழையும் தண்ணீரும்தான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கையால் தொட்டுப் பார்க்க இவ்வளவு பொருள் கிடைக்கும் காலம் வருடத்தில் வேறில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் பல முன்பள்ளிகளில் பிள்ளைகள் உள்ளே இருந்து கொப்பி நிரப்புகிறார்கள். தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போகவேண்டும் என்ற அவசரம்.

அந்த அவசரத்தை நையாண்டி செய்வது எளிது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். 1985, 1990, 2006 என்று மூதூர்ப் பிரதேசம் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தது. 2006இல் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வாகரை, மட்டக்களப்புப் பக்கமும் ஓடின. இன்று முப்பது வயதில் இருக்கும் தாய்க்கும் ஆசிரியைக்கும் அப்போது பத்து வயது. தாங்கள் இழந்த படிப்பைப் பிள்ளையின் கொப்பியில் மீட்கப் பார்க்கிறார்கள். பக்கம் நிறைந்த கொப்பி, கண்ணால் காணக்கூடிய சான்று. மண் அளைந்த கைக்கு அப்படியொரு சான்று இல்லை.

ஆனால் பென்சில் பிடிக்கும் கை முதலில் தயாராகவேண்டும். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருப்பதில்லை. களிமண் பிசைவது, துணி பிழிவது, விதையை இரண்டு விரலால் எடுப்பது எல்லாம் பின்னர் எழுதப்போகும் தசைகளுக்கான வேலை. நம்மூரில் முன்பள்ளியையே ‘மொன்ரிசோரி’ என்று சொல்லுவோம் அல்லவா? அந்தப் பெயருக்குரிய மரியா மொன்ரிசோரி 1939இல் சென்னைக்கு வந்தார். உலகப் போர் பிடித்துக்கொண்டது. இத்தாலியர் என்பதால் அவருடைய மகன் மரியோ தடுத்து வைக்கப்பட்டார். அவரும் ஊர் திரும்ப முடியாமல் 1946வரை இந்தியாவிலேயே தங்கினார். இடையில் 1944இல் இலங்கைக்கும் வந்தார். கொடைக்கானலில் இருந்த காலத்தில் செடி, பூச்சி, கல் என்று சுற்றியிருந்தவற்றை வைத்தே பிள்ளைகளுடன் வேலை செய்தார். எழுத்து கற்பிக்க, சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, அதைப் பிள்ளையின் விரலால் தடவ வைப்பது அவருடைய முறை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறோமே, கை செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். நாம் அதை ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி வைத்தால் வருடம் முழுவதும் செய்யலாம்.

இனி மாரிக்கு வருவோம். என் கணிப்பில் முதலில் தொடங்கவேண்டியது நெல். ஒரு பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டிவைத்தால் அடுத்த ஓரிரு நாளில் முளை காட்டும். ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் துணியை அவிழ்த்துப் பார்க்கட்டும். முளைத்ததைச் சேறு நிரப்பிய சிரட்டையில் தூவலாம். தண்ணீர் விட்ட சிரட்டை ஒன்று, விடாத சிரட்டை ஒன்று, இருட்டில் வைத்தது ஒன்று என்று வைத்தால் எது மஞ்சளாகிறது, எது காய்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வீட்டில் அப்பா செய்யும் வேலையைத் தானும் செய்கிறேன் என்ற பெருமை இதில் கூடுதலாகக் கிடைக்கும்.

மழையை அளப்பது அடுத்தது. ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வாயில் புனலாக வைக்கவேண்டும். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அங்கே முதல் கோடு கீறவேண்டும். காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அந்த நீளத்துக்கு ஒரு கடதாசித் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டலாம். பிறகு தண்ணீரை முதல் கோடுவரை ஊற்றிவிடவேண்டும். ஒரு மாதத்தில் சுவரில் ஒரு வரைபு நிற்கும். இலக்கம் தெரியாத பிள்ளையும் ‘இந்த நாள்தான் பெரிய மழை’ என்று விரலை வைத்துக் காட்டும்.

முற்றத்தில் ஓடும் தண்ணீருக்கு வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டி, ஓலைத் துண்டால் மதகு வைக்கும் விளையாட்டை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. இதைச் சொல்லும்போது இந்தப் பிரதேசத்தில் மாவிலாறு நினைவுக்கு வராமல் போகாது. 2006 ஜூலையில் அங்கே மூடப்பட்ட மதகிலிருந்துதான் இங்கே முழு யுத்தம் மீண்டும் மூண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் அதே மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து ஊர்களுக்குள் தண்ணீர் வந்தது. அந்த வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகள் முன்பள்ளியில் இருப்பார்கள். மழை இருண்டாலே அழும் பிள்ளையை ‘பயப்படாதே’ என்று இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் நிறுத்தக்கூடாது. அந்தப் பிள்ளை திண்ணையில் இருந்து போத்தலைப் பார்க்கட்டும், கடதாசித் துண்டை வெட்டட்டும். தான் கட்டிய வரம்பைத் தானே உடைத்து, திரும்பக் கட்டுவதை விளையாட்டாகப் பிள்ளைகள் பலமுறை செய்வார்கள். அதை இடையில் தடுக்காமல் விடுவது நல்லது.

பொறுக்கிச் சேர்க்கும் செயற்பாடுகளுக்குத்தான் இங்கே தனிக் கவனம் வேண்டும். மேலைநாட்டுப் புத்தகம் ‘வெளியே போய்க் கிடைத்ததைப் பொறுக்கி வாருங்கள்’ என்று சொல்லும். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வளர்த்தது அதற்கு நேர்மாறானது: தெரியாத பொருளைத் தொடாதே, பெரியவரிடம் சொல். யுத்தம் முடிந்து இத்தனை வருடமானாலும் அந்த விதியைத் தளர்த்தக்கூடாது. வெள்ளம் மண்ணைப் புரட்டிய பிறகு இன்னும் கவனம் தேவை. ஆகவே, முன்பள்ளி வளவுக்குள் மட்டும் பொறுக்கலாம். ஆசிரியை முதலில் நடந்து பார்க்கவேண்டும். கூடையில் மாதிரிக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு பூவரசம் இலை, ஒரு வேப்பங்குச்சி வைத்து, ‘இதைப் போன்றது மட்டும்’ என்று சொல்லலாம். ஒத்ததை அடையாளம் காணும் பயிற்சியும் அதிலேயே வந்துவிடும்.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கிறது என்று எண்ணக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடித்து விழுங்கினால் உயிராபத்தான நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. வாயில் எதையும் போடும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் சின்ன விதைகளையே தவிர்த்து, தேங்காய்மட்டை, பனங்கொட்டை போன்ற பெரியவற்றைக் கொடுக்கலாம். சிரட்டை விளையாட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் கவிழ்த்துவைக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கவேண்டும், போத்தலையும் தினமும் பார்க்கவேண்டும். 2017இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் டெங்கு என்ன செய்தது என்பதைத் திருகோணமலை மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கடைசியாகப் பனம்பாத்தி. பனங்கொட்டைகளை எண்ணி, மண்ணைக் குவித்து, நெருக்கமாக அடுக்கி மூடவேண்டும். மாரி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். சில வாரம் கழித்து ஒன்றைக் கிளறி எடுத்து, பெரியவர் ஒருவர் வெட்டிக் காட்டினால் உள்ளே பூரான் இருக்கும். அதைப் பங்கிட்டுத் தின்பதே ஒரு பாடம். கிழங்கு பிடுங்கத் தை, மாசி ஆகும். அதற்குள் பெரிய பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். கிழங்கு பிடுங்கும் நாளைச் சனிக்கிழமையாக வைத்தால் அவர்களும் வந்து, தாங்கள் புதைத்ததைத் தாங்களே பிடுங்கி, அவித்த கிழங்கோடு வீட்டுக்குப் போகலாம்.