அறுபத்தேழு எழுத்தில் ஓர் அபயக்குரல்

இலக்கியத் தொடரிலே ஒரு வானொலிக் கருவியைப் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ண வேண்டாம். சொற்சுருக்கத்தை எம்மிடம் கட்டாயமாகக் கேட்கின்ற கருவி அது.

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைக் காவு கொண்டது. இத்தகைய வேளைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், கைத்தொலைபேசிக் கோபுரமும் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. 2004 டிசம்பரில் கடற்கோள் தாக்கியபோது அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைக்க உதவியவர்கள், அமெச்சூர் வானொலி ஆர்வலர்களே. கோபுரமோ கம்பியோ இன்றி நேரடியாகப் பேசும் ஆற்றல் அவர்களது கருவிகளுக்கு உண்டு.

அக்கருவிகளுள் ஒரு வகை கையடக்கமானது. குரலோடு எழுத்தையும் அனுப்பவல்லது. கென்வூட் நிறுவனம் 1990களின் இறுதியில் வெளியிட்ட டி.எச்.-டி7 இதற்கொரு முன்னோடி. பின்னர் வந்த டி.எச்.-டி72 இல் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வசதியும் உள்ளேயே அமைந்தது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கிய ஏ.பி.ஆர்.எஸ். என்ற முறையிலே இவை இயங்குகின்றன.

இயங்கும் விதம் எளியது. நாம் விசைகளால் தட்டும் எழுத்துகளை, உள்ளேயிருக்கும் சிறு கணினி இரண்டு சுருதிகளாக மாற்றுகிறது. செக்கனுக்கு 1200 பிட் வேகத்தில், 'கிர்' என்ற ஓர் ஒலித்துணுக்காகச் செய்தி பறக்கிறது. வழியில் சிதைந்த துணுக்கைப் பெறும் கருவி ஏற்காது. சரியாகக் கிடைத்தால் 'பெற்றேன்' என்று தானே மறுமொழி தரும். அது வராவிடில் அனுப்பிய கருவி மீண்டும் அனுப்பும். இரைச்சலுக்குள் கத்திய குரல் போய்ச் சேர்ந்ததா என்று தவிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு செய்திக்கு 67 எழுத்துகளே இடம். அதிலும் இக்கருவிகளில் தமிழ் எழுத்து ஏறாது. ரோமன் எழுத்திலேயே தமிழை அனுப்ப வேண்டும். இங்கேதான் தமிழாசிரியனாகிய எனக்கு வேலை வருகிறது.

உயர்தர வகுப்பு மாணவருக்கு இதை ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். "லயத்துக்குப் பின்னால் மண் வெடிப்பு. 12 குடும்பம் கோயிலில். பாய், பால்மா தேவை" என்று ஒரு மாணவி எழுதினாள். அருமையான சுருக்கம். ரோமன் எழுத்தில் பெயர்த்து இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினோம்: 72. 'பாய்' என்பதை நீக்கியதும் 66 ஆயிற்று. பாயா பால்மாவா என்று வகுப்பிலே பெரிய வாதம். தோட்டத்தின் பெயரைக் காணோமே என்றான் ஒருவன். ஜி.பி.எஸ். இருப்பிடத்தைத் தனியே அனுப்பிவிடும். அதற்குச் சொல் செலவழிக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ரோமன் எழுத்திலே 'மண்' என்பது ஆங்கிலத்து மனிதனாகிவிடுகிறது. ழகரத்தையும் ளகரத்தையும் லகரத்தையும் ஒரே எழுத்தால் எழுதும் நம் வழக்கத்தில், மலையும் மழையும் மாலையும் ஒன்றாகின்றன. மலை சரிகிறதா, மழை பொழிகிறதா, மாலையில் வரச் சொல்கிறார்களா? கவிதையிலே சிலேடை இன்பம் தரும்; அபயக்குரலிலே அது உயிரைக் குடிக்கும்.

கருவிக்கும் எல்லையுண்டு. 5 வொற் வலுவுள்ள இதன் அலை மலையை ஊடுருவாது. சபரகமுவ மலையிடுக்குகளில் உள்ள தோட்டங்களுக்கு, செய்தியை வாங்கித் திரும்ப அனுப்பும் அஞ்சல் கருவி ஒன்று மலைமுகட்டிலே வேண்டும். பயன்படுத்துவோருக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமும் அவசியம், அதற்குப் பரீட்சையுண்டு.

அந்தப் பரீட்சைக்குத் தோட்டத்து இளைஞர் சிலராவது தோற்ற வேண்டும். அவர்களுக்காகத் தமிழாசிரியர்கள் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: மண்சரிவு, வெள்ளம், காயம், உணவு, மருந்து ஆகியவற்றுக்கு மயக்கமில்லாத ஐம்பது சொற்களைத் தெரிந்து, அவற்றின் ரோமன் எழுத்துக்கூட்டலையும் முடிவுசெய்து ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்பது. மழைக்காலம் தொடங்குமுன் அதைச் செய்யலாம். கருவி பிறகு வந்தாலும் சொற்கள் ஆயத்தமாக இருக்கட்டும்.